அட்டையின் பின்புறம் இருக்கும் ‘க்யூ.எஸ்.’: மாத்திரை செய்யப் புதிதாக வருபவர்களுக்கு

மாத்திரை அட்டை ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். ‘பாராசிட்டமால் ஐ.பி. 500 மி.கி.’ என்று இருக்கும் (ஐ.பி. என்றால் இந்திய மருந்து நூல்). அதற்குக் கீழே சின்ன எழுத்தில் ‘எக்ஸிபியன்ட்ஸ் க்யூ.எஸ்.’ என்று ஒரு வரி. மருந்தல்லாத துணைப்பொருட்கள் தேவையான அளவு என்று அர்த்தம். பி.பார்ம் முடித்துவிட்டு ஆலத்தூர் சிட்கோ பக்கமோ மறைமலை நகர் பக்கமோ ஃபார்முலேஷன் (மருந்தை மாத்திரையாக வடிவமைக்கும்) வேலைக்கு வரும் பிள்ளைகள் மருந்தைப் பற்றி நன்றாகவே பேசுகிறார்கள். அந்தக் கடைசி வரியைப் பற்றிக் கேட்டால்தான் தடுமாறுகிறார்கள். எங்கள் வேலையில் முக்கால்வாசி அந்த வரிக்குள்தான் இருக்கிறது.

மாத்திரையிடம் நாம் இரண்டு வேலைகளைக் கேட்கிறோம். அட்டைக்குள், லாரியில், கைப்பையில் இருக்கும்வரை அது உடையக்கூடாது. வயிற்றுக்குள் போன சில நிமிடங்களில் உடைந்தே ஆக வேண்டும். இரண்டும் எதிரெதிர். துகள்களை ஒட்டவைக்கும் பைண்டர் ஒரு பக்கம் இழுக்கும், மாத்திரையை உடைக்கும் டிஸின்டெக்ரன்ட் மறுபக்கம் இழுக்கும். இதில் எனக்கு இன்றும் வியப்பாக இருப்பது, ஒரே பொருள் இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்பதுதான். மக்காச்சோள ஸ்டார்ச்சைத் தண்ணீரில் காய்ச்சிக் கஞ்சியாக ஊற்றினால் அது பைண்டர். துணிக்குக் கஞ்சி போட்டால் விறைப்பது போலத் துகள்களை ஒட்டிவிடும். அதே ஸ்டார்ச்சை உலர்ந்த தூளாகச் சேர்த்தால் மாத்திரையை உடைக்கும். பி.வி.பி. கே30 என்ற பாலிமர் தண்ணீரில் கரைந்து ஒட்டும். அதே பாலிமரின் சங்கிலிகளைக் குறுக்கே பிணைத்துவிட்டால் கிராஸ்போவிடோன். அது கரையாது, மாத்திரையை உடைக்கும். ஆகவே எதைச் சேர்க்கிறோம் என்பதோடு எந்த உருவில், எந்தக் கட்டத்தில் சேர்க்கிறோம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் டம்ளர்

ஆய்வகத்துக்குப் போகும் முன் வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பூச்சில்லாத பாராசிட்டமால் மாத்திரை ஒன்றைப் போடுங்கள். இரண்டாவதிலும் தண்ணீர், அதில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கின்போது ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடு சேர்த்துத் தருவார்களே, அந்த ஜிங்க் டிஸ்பெர்சிபிள் மாத்திரை. மூன்றாவதில் எலுமிச்சைச் சாறு கலந்த நீர். அதில் என்டெரிக் பூச்சு உள்ள பான்டோபிரசோல் மாத்திரை. ஆட்டாமல், கலக்காமல் உட்கார்ந்து பாருங்கள்.

ஜிங்க் மாத்திரை போட்ட உடனே குமிழி விட்டு உப்பி உதிரும். மருந்து நூல் விதிப்படி டிஸ்பெர்சிபிள் மாத்திரை 3 நிமிடத்துக்குள் உதிர வேண்டும். பாராசிட்டமால் கொஞ்சம் தாமதிக்கும். பூச்சில்லாத மாத்திரைக்குப் பொதுவான வரம்பு 15 நிமிடம். எலுமிச்சை நீரில் இருப்பது அப்படியே கிடக்கும். வயிற்று அமிலத்தில் திறக்காமல் குடலுக்குப் போய்த் திறக்கத்தான் அந்தப் பூச்சு. இப்படிப்பட்ட மாத்திரையை நுணுக்கிக் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்.

இது முறையான பரிசோதனை இல்லை. அதற்கு 37 டிகிரி நீர், கீழே கம்பி வலை உள்ள ஆறு குழாய்கள், நிமிடத்துக்கு ஏறக்குறைய 30 தடவை ஏறி இறங்கும் கூடை எல்லாம் வேண்டும். ஆனால் மாத்திரை உடைவதைக் கண்ணால் பார்க்காதவர் அதை உடைய வைக்கக் கற்றுக்கொள்வது கடினம்.

மருந்தின் குணம் தெரிந்துகொள்ளுங்கள்

ஏ.பி.ஐ. என்று நாங்கள் சொல்லும் மூலமருந்தின் அளவு 5 மி.கி.யா, 500 மி.கி.யா? 5 மி.கி. என்றால் மாத்திரையின் குணத்தை நிரப்புபொருள்தான் தீர்மானிக்கும். 500 மி.கி. என்றால் மருந்தின் குணமே மாத்திரையின் குணம். பாராசிட்டமால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் மீண்டு எழும் சுபாவம் உள்ளது. அதனால்தான் மாத்திரையின் மேல்பக்கம் தொப்பி போலக் கழன்று வரும். இதை கேப்பிங் என்போம்.

தூள் ஓடுமா என்று பாருங்கள். புனல் வழியாகத் தாளில் கொட்டினால் கோலமாவு பரந்து விழும், மைதா கோபுரமாக நிற்கும். அந்தக் குவியலின் சரிவுக் கோணம் 30 டிகிரிக்குள் என்றால் நன்றாக ஓடும். 45-ஐத் தாண்டினால் மெஷினுக்குத் தூள் இறங்கும் ஹாப்பரில் அடைத்துக்கொள்ளும், மாத்திரைக்கு மாத்திரை எடை மாறும். அளவுகுழாயில் தட்டும் முன்னும் பின்னும் அடர்த்தி எடுத்து, தூள் எத்தனை சதவீதம் அமுங்குகிறது என்று சொல்லும் கார் இன்டெக்ஸும் போடுங்கள். 15-க்குக் கீழே நல்லது, 25-க்கு மேலே தொல்லை. மோசமாக ஓடும் தூளைக் குருணையாக்கித்தான் அழுத்த வேண்டும்.

அப்புறம் வேதியியல் பொருத்தம். மருந்தில் அமீன் இருக்கிறதா? லாக்டோஸோடு சேர்ந்தால் நாளடைவில் பழுப்பேறலாம். ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும் இதே மெயிலார்டு வினைதான். டெட்ராசைக்ளினா? கால்சியம் உள்ள நிரப்புபொருள் வேண்டாம், பிணைத்துக்கொள்ளும். ஆஸ்பிரினா? தூள் மெஷினில் ஒட்டாமல் இருக்கச் சேர்க்கும் மெக்னீசியம் ஸ்டியரேட் அதைச் சிதைக்கும். ஸ்டியரிக் அமிலத்துக்குப் போங்கள்.

‘சும்மா நிரப்பத்தானே’ என்று நினைப்பவர்களிடம் நான் சொல்வது ஃபெனிடாயின் கதை. 1960-களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் வலிப்பு நோய்க்கான அந்த கேப்சூலில் கால்சியம் சல்ஃபேட்டை எடுத்துவிட்டு லாக்டோஸ் போட்டார்கள். மருந்தின் அளவு ஒரு மி.கி. கூட மாறவில்லை. ஆனால் ரத்தத்தில் மருந்து ஏறி, நோயாளிகள் தள்ளாடத் தொடங்கினார்கள். பழைய நிரப்புபொருள் இருந்தவரை மருந்தின் ஒரு பகுதி உடலில் ஏறாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. நிரப்புபொருளை மாற்றியது மருந்தின் அளவைக் கூட்டியது போல ஆகிவிட்டது.

ஒரு ஃபார்முலா

கல்லூரி ஆய்வகத்திலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றைத் தருகிறேன். ஒரு மாத்திரை 600 மி.கி. பாராசிட்டமால் 500, மைக்ரோகிறிஸ்டலைன் செல்லுலோஸ் 101 ரகம் 42, மக்காச்சோள ஸ்டார்ச் 18, பி.வி.பி. கே30 15, கிராஸ்கார்மெலோஸ் சோடியம் 18, கொலாய்டல் சிலிக்கா 2.5, மெக்னீசியம் ஸ்டியரேட் 4.5. எல்லாம் மி.கி. கணக்கு. ஆயிரம் மாத்திரைக்கு மி.கி.யை அப்படியே கிராம் என்று படித்துக்கொள்ளுங்கள். இது கற்பதற்கான தொகுதி. இதில் வரும் மாத்திரையை யாரும் விழுங்கக்கூடாது.

பொருள் வாங்கப் பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெருவுக்குப் போகிறீர்கள் என்றால் ‘ஐ.பி. கிரேடு’ என்று கேட்டு, அந்த பேட்சின் பகுப்பாய்வுச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள். பயிற்சிக்குத்தானே என்று விட்டுவிடாதீர்கள், இந்தப் பழக்கம் முதல் நாளே வர வேண்டும். 1937-ல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு திரவ மருந்துக்கு டைஎத்திலீன் கிளைகாலைக் கரைப்பானாகப் போட்டதில் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். மருந்து சரியான மருந்துதான். உடன் போட்டது விஷம்.

குருணை: புட்டு மாவுப் பதம்

பாராசிட்டமால், செல்லுலோஸ், ஸ்டார்ச், கிராஸ்கார்மெலோஸில் பாதி (9 மி.கி.) ஆகியவற்றை 40-ம் எண் சல்லடையில் சலித்துப் பத்து நிமிடம் கலக்குங்கள். பி.வி.பி.யைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள்.

எவ்வளவு தண்ணீர் என்று எல்லோரும் கேட்பார்கள். மில்லி கணக்கில் ஒரே பதில் கிடையாது. அன்றைய தூளின் ஈரம், துகளின் அளவு, காற்றின் ஈரப்பதம் எல்லாம் அதை மாற்றும். புட்டுக்கு மாவு பிசைந்திருக்கிறீர்களா? உள்ளங்கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், கட்டைவிரலால் அழுத்தினால் உதிர வேண்டும். அதுதான் பதம். பெரிய தொழிற்சாலையில் மிக்ஸர் மோட்டார் இழுக்கும் மின்சாரத்தைப் பார்த்து இதே பதத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். கொழுக்கட்டை மாவு போலத் திரண்டுவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். காய்ந்தபின் குருணை கல்லாகும், எந்த டிஸின்டெக்ரன்ட் போட்டாலும் உள்ளே தண்ணீர் போகாது. உடையாத மாத்திரைகளில் பலவற்றின் தவறு இந்த நிமிடத்தில்தான் நடந்திருக்கும். தேடுபவர்களோ டிஸின்டெக்ரன்டின் அளவைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

ஈரக் கலவையை 10-ம் எண் சல்லடையில் தேய்த்து, 50 முதல் 60 டிகிரியில் காயவைத்து, ஈரம் 2 சதவீதம் அளவுக்கு வந்ததும் 20-ம் எண் சல்லடையில் இறக்குங்கள். எலும்பாகக் காயவிட்டால் கேப்பிங் வரும். ஈரம் தங்கினால் தூளை அழுத்தும் ‘பஞ்ச்’ என்ற உலோகத் தண்டின் முகத்தில் ஒட்டும்.

உடைக்கும் பொருள்: இங்கே கொஞ்சம் நிற்கலாம்

கிராஸ்கார்மெலோஸை ஏன் இரண்டாகப் பிரித்தோம்? குருணைக்கு வெளியே சேர்க்கும் பாதி மாத்திரையைக் குருணைகளாக உடைக்கும். குருணைக்குள் இருக்கும் பாதி ஒவ்வொரு குருணையையும் நுண்துகளாக உடைக்கும். பொரி உருண்டை கையில் உடைந்து பொரியாகிவிடும். ஆனால் பொரி பொரியாகவே நிற்கும். மருந்துக்கு அது போதாது. துகள் எவ்வளவு சின்னதாகிறதோ அவ்வளவு பரப்பு நீரைத் தொடும், அவ்வளவு விரைவாக மருந்து கரையும். டிஸின்டெக்ரேஷனில் (உடையும் சோதனை) தேறிய மாத்திரை டிஸொல்யூஷனில் (கரையும் சோதனை) தோற்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது உடைப்பு நடக்காததால்தான்.

எப்படி உடைக்கிறது என்பதற்கு மூன்று வழிகளை நினைவில் வையுங்கள். முதலாவது, நீரை உள்ளே இழுத்துப் பரப்புவது, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல. இரண்டாவது, உப்புவது. உளுந்து ஊறி உப்பும்போது நிறைந்த டப்பாவின் மூடியைத் தள்ளுமே, அதே விசை. மூன்றாவது, அழுத்தத்தில் நசுங்கிய துகள் ஈரம் பட்டதும் பழைய வடிவத்துக்கு மீள்வது. எந்தப் பொருளும் ஒரே வழியில் மட்டும் வேலை செய்வதில்லை. ஆனால் சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் முக்கியமாக உப்பும். கிராஸ்போவிடோன் அதிகம் உப்பாது. நீரை இழுப்பதும் வடிவம் மீள்வதும்தான் அதன் பலம். கிராஸ்கார்மெலோஸ் உப்பவும் செய்யும், இழுக்கவும் செய்யும்.

இந்த மூன்றையும் சூப்பர் டிஸின்டெக்ரன்ட் என்பார்கள். சாதா ஸ்டார்ச் 5 முதல் 15 சதவீதம் வரை கேட்கும் வேலையை இவை 2 முதல் 5 சதவீதத்தில் முடித்துவிடும். காரணம் குறுக்குப் பிணைப்பு. சாதாரண சோடியம் கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் நீரில் கரைந்து பசையாகிவிடும். சங்கிலிகளைப் பிணைத்துவிட்டால் கரைய முடியாது, நீரை வாங்கி உப்ப மட்டுமே முடியும். அதுதான் கிராஸ்கார்மெலோஸ்.

அதிகம் போட்டால் இன்னும் நன்றாக உடையும் என்ற எண்ணம் எல்லோருக்கும் வரும். சோடியம் ஸ்டார்ச் கிளைகோலேட் 4 சதவீத அளவில் நன்றாக வேலை செய்யும். 8 சதவீதத்தைத் தாண்டினால் மாத்திரையைச் சுற்றி வழவழவென்று ஒரு ஜெல் உருவாகி, உள்ளே தண்ணீர் போவதையே தடுக்கும். ஊறிய ஜவ்வரிசியை விரலால் தொட்டுப் பார்த்தவருக்கு இது புரியும். கிராஸ்போவிடோனுக்கு இந்த ஜெல் தொல்லை இல்லை. ஆனால் அதில் நுண்ணளவு பெராக்சைடு இருக்கும், ஆக்சிஜனேற்றத்துக்கு ஆளாகும் மருந்தோடு யோசித்துத்தான் சேர்க்க வேண்டும். மற்ற இரண்டும் அயனித்தன்மை உள்ளவை. அமில ஊடகத்தில் அவை உப்புவது குறையும். காரத்தன்மையுள்ள சில மருந்துகளைப் பிடித்துவைத்துக்கொள்ளவும் செய்யும். ‘எது சிறந்தது’ என்று கேட்காதீர்கள். ‘இந்த மருந்துக்கு, இந்த ஊடகத்தில் எது’ என்று கேளுங்கள்.

மாத்திரையின் கடினத்தன்மையும் இதில் ஒரு கை. ரொம்ப இறுக அழுத்தினால் நீர் நுழைய இடுக்கே இருக்காது. ரொம்ப லேசாக அழுத்தினாலும் சிக்கல்தான்: உப்பும் துகள் சுற்றியிருக்கும் காலி இடத்திலேயே உப்பி நின்றுவிடும், தள்ள எதிர்ப்பு இருக்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடம் உண்டு, அதை ஒவ்வொரு ஃபார்முலாவிலும் புதிதாகத் தேட வேண்டும்.

மெக்னீசியம் ஸ்டியரேட்டும் கடிகாரமும்

உலர்ந்த குருணையோடு மீதிப் பாதி கிராஸ்கார்மெலோஸையும் சிலிக்காவையும் சேர்த்துப் பத்து நிமிடம் கலக்குங்கள். சிலிக்கா கிளைடன்ட், துகள்களுக்கு நடுவே புகுந்து ஓட்டத்தைச் சரிசெய்யும். கடைசியாக மெக்னீசியம் ஸ்டியரேட்டை 60-ம் எண் சல்லடையில் சலித்துப் போட்டு மூன்று நிமிடம் மட்டும் கலக்குங்கள். இங்கே கடிகாரம் பார்ப்பது கட்டாயம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சோதனைத் தொகுதிக்கு ஸ்டியரேட் போட்டு பிளெண்டரை ஓடவிட்டுவிட்டு, ஒரு போன் அழைப்பு என்று வெளியே போனேன். திரும்பி வந்தபோது இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. கலவை பார்க்கப் பளபளவென்று அழகாக இருந்தது. கம்ப்ரஷன் மெஷினில் எவ்வளவு அழுத்தினாலும் கடினத்தன்மை ஏறவில்லை. முந்தைய தொகுதி 5 நிமிடத்தில் உடைந்தது. இது 20 நிமிடம் தாண்டியும் குழாயில் நின்றது. மெஷினில் இருந்த மூத்த ஆபரேட்டர் மாத்திரையை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, “தம்பி, ஸ்டியரேட் போட்டு எவ்வளவு நேரம் ஓட்டுனீங்க?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். “போன் வந்துச்சுண்ணே” என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளெண்டர் பக்கத்துச் சுவரில் ஒரு டைமரை மாட்டி வைத்தார்.

நடந்தது இதுதான். ஸ்டியரேட் கொழுப்புத் தன்மையுள்ள மிக நுண்ணிய தூள். கலக்கக் கலக்க அது ஒவ்வொரு குருணையின் மேலும் எண்ணெய் பூசியது போல ஒரு படலமாகப் பரவும். அந்தப் படலம் குருணைகள் ஒன்றோடொன்று பிணைவதையும் தடுக்கும், தண்ணீர் உள்ளே போவதையும் தடுக்கும். மாத்திரை மென்மையாகவும் இருக்கும், தாமதமாகவும் உடையும். மென்மையான மாத்திரை சீக்கிரம் உடைய வேண்டும் என்றுதானே நினைப்போம்? இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் ஸ்டியரேட் கலந்த நேரத்தைப் பாருங்கள். மைக்ரோகிறிஸ்டலைன் செல்லுலோஸ் போல அழுத்தத்தில் நசுங்கும் பொருட்களை இது அதிகம் பாதிக்கும். டைகால்சியம் பாஸ்பேட் என்ற நிரப்புபொருள் அழுத்தத்தில் நொறுங்கிப் படலமில்லாத புதுப் பரப்புகளைக் காட்டுவதால் அதற்குப் பாதிப்பு குறைவு.

அழுத்தி, உடைத்துப் பாருங்கள்

எடைச் சீர்மை (250 மி.கி.க்கு மேற்பட்ட மாத்திரைக்கு ஐ.பி. அனுமதிப்பது சராசரியிலிருந்து 5 சதவீதம்), கடினத்தன்மை, ஃப்ரையபிலிட்டி (உருட்டும்போது உதிரும் அளவு) மூன்றையும் எடுங்கள். ஃப்ரையபிலிட்டிக்கு உருளையை 25 ஆர்.பி.எம்.மில் 100 சுற்று விட்டு, இழப்பு 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இதெல்லாம் கையேட்டிலேயே இருக்கிறது.

கையேட்டில் இல்லாதது, டிஸின்டெக்ரேஷன் குழாயை எப்படிப் பார்ப்பது என்பது. நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள், உடையும் விதத்தைப் பாருங்கள். வெங்காயம் போலத் தோல் தோலாக உரிந்து நடுவில் கெட்டிக் கரு நின்றால் தண்ணீர் உள்ளே போகவில்லை. அழுத்தத்தையோ ஸ்டியரேட்டையோ சந்தேகப்படுங்கள். சட்டென்று உடைந்து, குருணைகள் மட்டும் வலையில் தங்கினால் உள்பக்க டிஸின்டெக்ரன்ட் போதவில்லை, இல்லையென்றால் பைண்டர் அதிகம். வழவழப்பான திரட்சி தங்கினால் ஜெல். ஆறு மாத்திரையும் ஆறு மாதிரி உடைந்தால் கலவையே சீராக இல்லை. ஆறில் ஒன்றோ இரண்டோ மட்டும் தவறினால் இன்னும் 12 மாத்திரையைச் சோதிக்க வேண்டும். மொத்தம் 18-ல் குறைந்தது 16 உடைந்திருக்க வேண்டும்.

சரியில்லை என்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிஸின்டெக்ரன்டைக் கூட்டி, அழுத்தத்தைக் குறைத்து, கலக்கும் நேரத்தையும் மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்பது உங்களுக்குத் தெரியாது. அடுத்த தொகுதியில் அதே தொல்லை திரும்பி வரும்.

சென்னைக் காற்று

நம் ஊரில் தூளுக்குப் பெரிய எதிரி காற்றிலிருக்கும் ஈரம்தான், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். தண்ணீரைத் தேடிக் குடிப்பதுதான் டிஸின்டெக்ரன்டின் குணம். பை திறந்திருந்தால் காற்றிலிருந்தே குடிக்கும். அழுத்திய மாத்திரையைத் திறந்த தட்டில் வைத்தாலும் அதேதான்: உள்ளே மெதுவாக உப்பி மாத்திரை மென்மையாகிவிடும், வயிற்றில் செலவழிக்க வேண்டிய விசையில் ஒரு பகுதியைத் தட்டிலேயே செலவழித்துவிடும். ஆகவே எடுத்த உடனே பையை இரண்டு மடிப்பு மடித்துக் கட்டுங்கள். டீஹியூமிடிஃபையர் ஓடாத அறையில் குருணையை இரவு முழுக்க வைக்காதீர்கள்.

முறையான நிலைத்தன்மைச் சோதனையில் மாத்திரைகளை 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பார்கள். அந்த அறை உங்களிடம் இல்லாவிட்டால் பரவாயில்லை. முதல் தொகுதியிலிருந்து நாற்பது மாத்திரையைத் திறந்த பெட்ரி தட்டிலும் நாற்பதை இறுக மூடிய பாட்டிலிலும் போட்டு, தேதி எழுதி, ஜன்னலோரம் வெயில் படாத இடத்தில் வையுங்கள். வாரம் ஒரு நாள், ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று மாத்திரைக்குக் கடினத்தன்மை, ஆறு மாத்திரைக்கு உடையும் நேரம். நான்கு வாரம். நோட்டில் அந்த நாளின் ஈரப்பதத்தையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.